கடற்கரை ஓரத்துப் பழைய பிக்கப்: கறள், பட்டி, பெயின்ட்

2024 மே 18 – கேள்வி

அப்பாவின் டட்சன் 620 பிக்கப் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. கெபினின் கீழ் மூலைகளிலும் பின்பெட்டியின் ஓரங்களிலும் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. ஒழுங்கையில் இருக்கும் ஒரு பாஸ் (தகட்டு வேலை செய்பவர்), கொப்பளங்களைச் சுரண்டிப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசி, இரண்டு கிழமைக்குள் 2கே பெயின்ட் (கடினமாக்கி கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்துத் தருவதாகச் சொல்கிறார். என்னிடம் 2 குதிரைவலுக் கொம்பிரசர் உண்டு. நானே போர்ட்டிகோவில் வைத்து அடித்தால் என்ன? முகமூடி போட்டால் போதும் என்கிறார்கள். ஜூனுக்குள் முடித்துவிடலாமா?

2024 மே 18, இரவு

ஜூனுக்குள் முடிக்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை வீசும். அந்தக் காலத்தில் கடலோர வீதியான மெரின் டிரைவுக்குக் கிட்ட நிற்கும் வண்டியின்மீது மழையோடு கடல் உப்பும் சேர்ந்தே படிகிறது. இந்த மாதங்களில் கழற்றலாம், தகட்டு வேலை செய்யலாம், கறள் நீக்கலாம், அடிப்பூச்சு வரைக்கும் போகலாம். கடைசிப் பூச்சை ஜனவரிக்குத் தள்ளிவையுங்கள்.

இரண்டு கிழமை என்று சொன்னவர் பெயின்ட் அடிப்பதற்கான நேரத்தைச் சொல்லியிருக்கிறார். கறளுக்கான நேரம் அந்தக் கணக்கில் இல்லை. கெபின் மூலையில் வெளியே தெரியும் கொப்பளம் பெரும்பாலும் உள்ளிருந்து வந்தது. பின்கண்ணாடி ரப்பரின் வெடிப்பு வழியே இறங்கும் மழைநீர் இரட்டைத் தகட்டின் நடுவில் புழுதியோடு தேங்கி, பல வருடங்களாகத் தகட்டை உட்புறமாகவே தின்றுகொண்டு வந்து, கடைசியில்தான் பெயின்டைத் தள்ளுகிறது. வெளியே சுரண்டிப் பட்டி பூசினால் உள்ளே இருக்கும் சேறு அப்படியே இருக்கும்.

என்னுடையதும் 620 தான், 1978 ஆம் வருடத்து வண்டி. தெஹிவளையில் வீட்டின் பின்புறக் கொட்டகையில் வைத்துத்தான் முழுவதையும் கழற்றினேன். இடப்பக்க மூலையை உளியால் நெம்பியபோது ஒரு விரல் தடிப்பில் பட்டி ஒரே துண்டாகக் கழன்று கையில் வந்தது. அதன் பின்பக்கத்தில், ஓட்டையை அடைப்பதற்காகச் சுருட்டித் திணித்த பத்திரிகைக் கடதாசி ஒட்டியிருந்தது. தலைப்பெழுத்துகள் இடம்வலம் மாறிப் பட்டியில் பதிந்திருந்தன. கடதாசியைப் பிழிந்தால் நீர் வரும் அளவுக்கு அது ஈரமாக இருந்தது. பட்டி என்பது நுண்துளைகள் உள்ள பொருள், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே கடதாசியும் இருந்தால், கறளுக்கு நாமே தண்ணீர் ஊற்றி வளர்த்த மாதிரி.

ஆகவே பாஸிடம் விலை பேசுவதற்கு முன், மெல்லிய துணியில் சுற்றிய சிறிய காந்தம் ஒன்றை எடுத்துக் கெபின் மூலைகள், கதவுகளின் கீழ் விளிம்பு, முன்சில்லு வளைவின் பின்பக்கம், முன்கண்ணாடியின் கீழ்ச்சட்டம், கூரை ஓரத்து நீர்வாய்க்கால், பின்பெட்டியின் முன்சுவர் ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, அல்லது தடித்த பட்டியின் அடியில் இருக்கிறது. பிறகு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், பட்டி மூடிய இடம் மொத்தென்று கேட்கும். இந்தச் சோதனையின் பிறகு உங்கள் கேள்வியே வேறாக இருக்கும்.

2024 மே 19

கழற்றத் தொடங்குவதற்கு முன் ஒன்று. செஸி (வண்டியின் அடிச்சட்டம்) இலக்கம் எங்கே பொறித்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துத் தெளிவாகப் படம் எடுத்து, அந்த இடத்தை டேப்பால் மூடிவிடுங்கள். அதன்மேல் கிரைண்டர் படக்கூடாது, தடித்த பூச்சும் விழக்கூடாது. பழைய வண்டிக்கு அந்த இலக்கம்தான் அடையாளம். வாகனப் பதிவுச் சான்றிதழில் நிறமும் எழுதப்பட்டிருக்கும். வேறு நிறத்துக்கு மாறுவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துச் சான்றிதழைத் திருத்தவேண்டும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

2024 மே 26

காந்தம் இரு மூலைகளிலும் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பட்டியை நீக்கிப் பாருங்கள். தகடு போயிருந்தால் வெட்டி ஒட்டவேண்டும், வேறு வழி கிடையாது.

எங்கள் டிங்கரிங் பாஸ்மாரில் பலர் காஸ் வெல்டிங்கில் கைதேர்ந்தவர்கள். அவர்களது கையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. எனினும் வண்டித் தகடு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் தடிப்பானது. காஸ் சுவாலை அகலமான இடத்தைச் சூடாக்குவதால் தகடு அலையலையாக நெளிந்துவிடும், அந்த நெளிவை மறைக்க மீண்டும் பட்டி தேவைப்படும். மின்சாரத்தில் மெல்லிய கம்பியை உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங்கில் ஒரு புள்ளி, கைதூரம் தள்ளி இன்னொரு புள்ளி, முதற்புள்ளி ஆறிய பின் அதன் அருகே மூன்றாவது என்று மாறிமாறிப் போட்டுக்கொண்டே வந்து இடைவெளிகளை நிரப்பினால் நெளிவு குறையும். 0.6 அல்லது 0.8 மில்லிமீற்றர்க் கம்பி போதும். கறள் பிடித்த பகுதியோடு நிறுத்தாமல் நல்ல தகடு வரும் வரைக்கும் வெட்டுங்கள். கிரைண்டரில் தேய்த்தால் பளபளக்கும் ஆனால் விரலால் அழுத்தினால் உள்ளே போகும் தகட்டில் வெல்டிங் நிற்காது, ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

நாகம் (சிங்க்) பூசிய தகடு கொண்டு ஒட்டுப்போடுகிறவர்கள் ஒட்டும் விளிம்பில் நாகப் பூச்சைத் தேய்த்து எடுத்த பின்பே வெல்ட் செய்யவேண்டும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். பெற்றோல் தாங்கியை இறக்கி வீட்டுக்கு வெளியே வையுங்கள். பற்றரி வயரைக் கழற்றுங்கள். வெறுமையான தாங்கிதான் நிரம்பிய தாங்கியைவிட ஆபத்தானது, ஏனெனில் அதற்குள் ஆவி நிறைந்திருக்கிறது.

2024 ஜூன் 9

உப்பைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், ஏனெனில் கொழும்பில் பெயின்ட் உரிவதற்கு நான் கண்ட முதற்காரணம் இதுதான். கைகளால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விடயம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

கறளை வயர் பிரஷ்ஷால் தேய்த்ததும் தகடு வெள்ளிபோல் தெரிகிறது, உடனே பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்க மனம் வருகிறது. கிட்டப்போய்ப் பார்த்தால் அந்த வெள்ளிக்கு நடுவே ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அவை ஆழமான குழிகள். வயர் பிரஷ் மேற்பரப்பை மினுக்குகிறது, குழியின் அடிவரை இறங்குவதில்லை. அந்தக் குழிகளில்தான் கடல் உப்பின் குளோரைட் ஒளிந்திருக்கிறது. தகட்டை அப்படியே ஓர் இரவு கொட்டகையில் விட்டுவிட்டுக் காலையில் டோர்ச் அடித்துப் பாருங்கள்: சுற்றிலும் உள்ள தகடு மங்கலாக மட்டும் இருக்க, அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றையும் சுற்றிச் செம்மஞ்சள் வளையம் பூத்திருக்கும். உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்திருக்கிறது. அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பிரைமர் அடித்தாலும், பூச்சின் ஊடாக நீராவி மெல்ல இறங்கி அந்த உப்பில் சேர்ந்து, மீண்டும் கொப்பளமாக எழும்பும்.

செய்யவேண்டியது இதுதான். நல்ல தண்ணீரால் தாராளமாகக் கழுவித் தேய்த்து, உடனே துணியால் துடைத்து, ஹீட் கன்னால் பொருத்துகளின் இடுக்குவரை உலர்த்தி, பிறகு மீண்டும் ஓர் இரவு பொறுத்துப் பாருங்கள். வளையம் பூத்தால் மறுபடியும் கழுவுங்கள். ஆழக் குழிகளுக்கு மணல் வீச்சு எனப்படும் சேண்ட் பிளாஸ்டிங் சிறந்தது, ஆனால் கதவு, பொனட் போன்ற தட்டையான தகடுகளில் அதை வேகமாக அடித்தால் நெளிந்துவிடும். செஸிக்கும் சில்லுகளுக்கும் கொடுங்கள், தோல் போன்ற தகடுகளைக் கையாலேயே செய்யுங்கள்.

பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள்மாற்றியைப் பற்றிக் கேட்டவருக்கு: அது நல்லதுதான். எஞ்சிய கறளை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றும். ஆனால் அதைத் தகட்டில் காயவிட்டுவிட்டு அதன்மேல் எப்பொக்சி பிரைமர் அடிக்கவேண்டாம். அமிலம் எஞ்சிய இடத்தில் எப்பொக்சி சரியாக இறுகாது. கழுவி உலர்த்திவிட்டு அடியுங்கள்.

2024 ஜூன் 10

மேலே தேய்ப்பதைப் பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். அந்தக் காலத்துப் பெயின்டில், சிறப்பாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களிலும் பழைய பிரைமர்களிலும், ஈயம் இருக்கலாம். ஆகவே பழைய பெயின்டை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் விட்டுத் தேய்த்து, சேற்றைக் கடதாசியில் வழித்தெடுங்கள், வாசலில் கழுவி விடாதீர்கள். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் வேலை உடுப்போடு உள்ளே போகக்கூடாது. பிரேக் டிரம் திறக்கும்போதும் கொம்பிரசரால் ஊதாதீர்கள், பழைய பிரேக் சூக்களில் கல்நார் இருக்கலாம்.

2024 ஜூன் 30

ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் அப்பா காலத்தில் றெட் ஒக்சைட்டும் என்.சி. பெயின்டும்தான். எப்பொக்சி என்று ஒன்றும் இல்லை. வண்டிகள் இருபது வருடம் ஓடவில்லையா?"

ஓடின. இந்தக் கேள்வியை இரண்டு மூன்று நாட்கள் யோசித்த பிறகே பதில் எழுதுகிறேன். என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்டின் பெரிய நற்குணம், எங்கே உரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மீண்டும் அடித்துப் பொலிஷ் செய்துவிடலாம் என்பது. புதிய பூச்சின் தின்னர் பழைய பூச்சைக் கரைத்து இரண்டும் ஒன்றாகிவிடும். சொந்தக்காரர்கள் வருடாவருடம் கவனித்தார்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாக இருந்த காலத்தில் ஒரு வண்டியை இழந்தால் இன்னொன்று கிடைக்காது என்ற நிலைமையும் அந்தக் கவனத்துக்குக் காரணம். எனவே அந்தப் பூச்சு இருபது வருடம் நின்றதற்கு அதைப் பராமரித்த கைகளுக்கும் பங்கு கொடுக்கவேண்டும்.

ஆனாலும் இன்றைக்கு வெறும் தகட்டில் சாதாரண றெட் ஒக்சைட் என்ற சிவப்புப் பிரைமரைப் பரிந்துரைக்கமாட்டேன். மெல்லிய பூச்சில் அது ஈரத்தை மறிப்பதில்லை, மேலே வரும் 2கே பெயின்டின் தின்னர் பட்டால் சுருங்கி எழும்பவும் கூடும். வாயில் கேற்றுக்கு அது போதும். வண்டிக்கு எப்பொக்சி.

2024 ஜூலை 14

பழப்புளியாலும் தேசிக்காயாலும் கறள் நீக்கலாமா என்ற கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்திருக்கிறது. குத்துவிளக்கு மினுக்குகிற வீடுகளில் இந்தக் கேள்வி வருவது இயல்பு.

போல்ட், நட், பிணைச்சல், கதவுக் கைப்பிடி போன்ற சிறு இரும்புச் சாமான்களுக்குச் சரிவரும். சித்திரிக் அமிலத் தூளைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊறவைத்தால் தேசிக்காய் பிழியும் செலவு மிச்சம். ஊறிய பின் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே உலர்த்தி, உடனே எண்ணெயோ பிரைமரோ கொடுக்கவேண்டும்; ஐந்து நிமிடம் தாமதித்தால் சாமான் கண்ணெதிரே மஞ்சளாகும். பெரிய தகட்டில் அமிலம் ஊற்றாதீர்கள், மடிப்புகளுக்குள் போனதை வெளியே எடுக்க வழியில்லை. வில் தகடுகளையும் கடினமான சுருள்வில்களையும் அமிலத்தில் ஊறவிடவேண்டாம். உருக்குக்குள் ஐதரசன் புகுந்து அது முறிய இடமுண்டு.

ரப்பர், பிணைச்சல், லாம்பு, கண்ணாடிச் சட்டம் எல்லாவற்றுக்கும், பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் நடந்து திரியுங்கள். பழைய ரப்பரில் ஒரு துண்டை வெட்டிக் கையோடு கொண்டுபோங்கள், வாயால் விவரித்து வாங்கமுடியாத சாமான் அது.

2024 ஆகஸ்ட் 4

வெல்டிங் முடிந்து தகடு கழுவி உலர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கே எப்பொக்சி அடியுங்கள், மறுநாள் என்று வைக்காதீர்கள். கடற்காற்றில் வெறுந்தகடு சில மணித்தியாலங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும்.

எப்பொக்சிக்கும் பட்டிக்கும் எது முதல் என்று நீண்ட விவாதம் ஓடுகிறது. நான் எப்பொக்சியை முதலில் அடித்து, அதன்மேல் பட்டி பூசுகிற பக்கம். தகடு முழுவதும் மூடப்பட்ட பின் பட்டி உறிஞ்சும் ஈரம் இரும்பைத் தொடுவதில்லை. எப்பொக்சியின் மேல் அடுத்த பூச்சுக் கொடுக்கவேண்டிய கால அளவை டின்னில் எழுதியிருப்பார்கள், அதைத் தாண்டினால் சேண்ட் பேப்பரால் சொரசொரப்பாக்கிய பிறகே பட்டி பூசவேண்டும். எப்பொக்சி வெய்யிலில் வெளுத்துத் தூளாகும், ஆகவே அதோடு மாதக்கணக்கில் முற்றத்தில் நிறுத்தாதீர்கள்.

பட்டிக்குக் கடினமாக்கி நிறையில் ஏறத்தாழ 2 சதவீதம். எங்கள் வெப்பத்தில் அது சட்டென்று இறுகுவதால் ஒரு தேக்கரண்டிப் பருமனுக்கு மேல் ஒரே தடவையில் குழைக்காதீர்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டினால், பின்னால் வெள்ளைப் பெயின்டின் மேல் மஞ்சள் கறையாக அது எழும்பி வரும். தடிப்பு 3 மில்லிமீற்றருக்கு மேல் தேவைப்பட்டால் தகட்டைத் தட்டி நிமிர்த்துவதில் இன்னும் வேலை இருக்கிறது என்று பொருள். பட்டியை ஒருபோதும் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள்.

இப்போது நான் மிகவும் விரும்பிச் செய்கிற வேலை. பட்டி தேய்த்து, சர்ஃபேஸர் (மேற்பரப்பைச் சமனாக்கும் தடித்த பிரைமர்) அடித்துக் காய்ந்த பின், கறுப்பு ஸ்பிரே பெயின்டைத் தூரத்திலிருந்து மெல்லிய தூவலாகத் தகடு முழுவதும் அடியுங்கள். நீளமான மரக்கட்டையில் 320 பேப்பரைச் சுற்றி, குறுக்கும் மறுக்குமாகச் சாய்வாகத் தேயுங்கள். மேட்டில் இருக்கும் கறுப்பு முதலில் போய்ச் சாம்பல் நிறம் தெரியும், பள்ளத்தில் கறுப்பு அப்படியே தங்கும். கதவின் நடுவில் நான் கண்ணாடிபோல் சமன் என்று நம்பிய இடத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்குக் கறுப்புத் திட்டு நின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை, மெல்லிய பருத்திக் கையுறை போட்டு உள்ளங்கையை முழுவதுமாக வைத்து இழுத்தபோது தெரிந்தது. கறுப்பு எல்லாம் ஒரே சீராக மறையும் வரைக்கும் இந்த வேலையை விடாதீர்கள். விரல்நுனியால் அழுத்தித் தேய்த்தால் விரல் அகலத்துக்கு வாய்க்கால்கள் விழும், அவை பளபளப்பான பெயின்டின் கீழேதான் தெரியவரும்.

2024 ஆகஸ்ட் 25

2 குதிரைவலுக் கொம்பிரசர் பற்றி. பெரும்பாலான எச்.வி.எல்.பி. (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) ஸ்பிரே கன்களுக்கு நிமிடத்துக்கு 10 கன அடிக்கு மேல் காற்று வேண்டும். உங்கள் கொம்பிரசர் அதைத் தொடர்ந்து தராது. குறைந்த காற்றில் வேலை செய்யும் சிறிய கன் வாங்கி, ஒவ்வொரு தகடாகக் கழற்றிவைத்து அடித்தால் பிரைமருக்குச் சமாளிக்கலாம்.

அதைவிடப் பெரிய தொல்லை நீர். எங்கள் காற்றில் உள்ள ஈரத்தைக் கொம்பிரசர் அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது, குழாயில் போகும் வழியில் அது குளிர்ந்து துளியாகிறது. நீர்வடியைக் கொம்பிரசரின் வாயிலேயே பூட்டினால் சூடான ஆவி அதைக் கடந்து போய்விடும். இடையில் நீளமான குழாய் போட்டு, காற்றைக் குளிரவைத்து, கன்னுக்குக் கிட்ட வடியைப் பூட்டுங்கள். தாங்கியின் அடித்திருகைத் திறந்து ஒவ்வொரு நாளும் நீரை இறக்குங்கள். வெளியே ஆபத்தில்லாத இடத்தில் வெள்ளைக் கடதாசியின்மேல் வெறும் காற்றை ஊதிப் பாருங்கள், துளியோ எண்ணெய்ப் பொட்டோ விழுந்தால் அன்று பெயின்ட் இல்லை.

2024 செப்டெம்பர் 15

"முகமூடி போட்டால் போதும்" என்று முதல் நாளே எழுதியிருந்தீர்கள். அதற்கு இதுவரை பதில் சொல்லாமல் இருந்தது, இதைத் தனியாகவும் முழுமையாகவும் எழுதவேண்டும் என்பதால்.

2கே பெயின்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. பெயின்ட் இறுகுவதும் மினுங்குவதும் மழையைத் தாங்குவதும் அதனால்தான். கன்னிலிருந்து கிளம்பும் நுண்துளிகளாக அதைச் சுவாசித்தால் நுரையீரல் அதற்கு ஒவ்வாமை கொள்ளக்கூடும். ஒருமுறை அந்த ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே போதும், ஆஸ்துமா பிடித்துக்கொள்ளும். தொழில் காரணமாக வரும் ஆஸ்துமாவுக்கு உலகில் முதன்மையாகச் சொல்லப்படும் காரணங்களில் இது ஒன்று. தின்னருக்கு மணம் உண்டு. ஐசோசயனேட்டோ தீங்கு செய்யும் அளவில்கூட மூக்குக்குத் தெரியாது. ஆகவே வடிகட்டிப் பெட்டி உள்ள முகமூடி எப்போது தேய்ந்துபோனது என்று போட்டிருப்பவருக்குத் தெரியவராது. கடைகளில் தொங்கும் துணி முகமூடியைப் பற்றிப் பேசவே வேண்டாம். இந்தப் பெயின்டுக்கு உரியது, வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்றைத் தரும் முகமூடிதான். கன்னை நிறுத்திய பின்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் அந்த இடத்தில் மிதந்துகொண்டே இருக்கும், அப்போதுதான் பலர் முகமூடியைக் கழற்றுகிறார்கள்.

உங்களுக்கு முகமூடி வாங்கினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மதிலுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு? வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஒரு வீட்டின் போர்ட்டிகோவுக்கும் அடுத்த வீட்டுக் குசினி யன்னலுக்கும் இடையில் ஒரு மதில் மட்டுமே இருக்கிறது. மேல்மாடித் தொடர்மனைகளில் உடுப்புக் காயப்போட்டிருக்கும். அங்கே குழந்தையோ, இழுப்பு உள்ள முதியவரோ இருந்தால், உங்கள் வண்டியின் மினுக்கத்துக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்கவேண்டும்? இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. சர்ஃபேஸர் வரை நீங்களே செய்யுங்கள். 2கே என்றால், வடிகட்டியும் காற்றோட்டமும் உள்ள ஸ்பிரே பூத் வைத்திருக்கும் ஓர் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், தகடெல்லாம் தயார் என்ற நிலையில் கடைசிப் பூச்சுக்கு மட்டும் காசு கொடுங்கள். முழு வேலையையும் கொடுப்பதைவிடச் செலவு மிகவும் குறையும், ஏனெனில் கூலியின் பெரும்பகுதி தேய்ப்பதற்குத்தான்.

சர்ஃபேஸர் வரை என்று சொன்னதிலும் ஒரு நிபந்தனை: சர்ஃபேஸர்களிலும் 2கே உண்டு. டின்னில் கடினமாக்கியின் உள்ளடக்கத்தை வாசித்து, ஐசோசயனேட் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டிலேயே எல்லாவற்றையும் முடிக்கவேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள், கடினமாக்கி சேர்க்காத அல்கைட் எனாமலை எடுக்கலாம். மெல்லிய பல பூச்சுகளாக நுரை ரோலரால்கூடக் கொடுத்து, இடையிடையே தேய்த்து, பொறுமையாகச் செய்தால் உழைக்கிற பிக்கப்புக்கு மரியாதையான தோற்றம் வரும். அது மெதுவாகக் காயும், 2கே அளவுக்கு மினுக்கம் நிற்காது. ஆனால் கரிமஆவி வடிகட்டி உள்ள சாதாரண முகமூடி இதற்குப் பொருந்தும், அயலவருக்கும் கேடு குறைவு. எனாமலுக்கென்று விற்கும் கடினமாக்கிகளிலும் ஐசோசயனேட் இருக்கலாம், அதை ஊற்றினால் மேலே எழுதிய அத்தனையும் மீண்டும் பொருந்தும்.

2024 செப்டெம்பர் 16

தின்னர் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு ஊர்ந்துபோகும். பிரைமர் அடிக்கும் நாளில் காஸ் அடுப்பு மட்டுமல்ல, சுவாமி அறை விளக்கும் எரியக்கூடாது. மாலையில் விளக்கேற்றும் வீடென்றால் வேலையைக் காலையிலேயே முடித்து, கதவுகளைத் திறந்துவிட்டு, மணம் முற்றாகப் போன பின் ஏற்றச் சொல்லுங்கள்.

2024 ஒக்டோபர் 20

கதவில் உங்கள் அப்பாவின் கடைப் பெயர் இருந்ததாகவும், யாரோ அதன்மேல் வெள்ளை அடித்துவிட்டதாகவும், இனி அது போனதுதானே என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதவை இன்னும் தேய்க்கவில்லை என்றால் தொடாதீர்கள்!

கையால் எழுதிய எனாமல் எழுத்துக்குத் தடிப்பு உண்டு. இரவில் விளக்கை அணைத்து, டோர்ச்சைக் கதவோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேல் வெள்ளையின் கீழே எழுத்துகளின் விளிம்பு மெல்லிய வரம்பாக எழும்பித் தெரியும். ட்ரேசிங் கடதாசியை டேப்பால் ஒட்டி, மெழுகுப் பென்சிலைப் படுக்கையாக வைத்து மெதுவாகத் தேய்த்தால் எழுத்து முழுவதும் கடதாசிக்கு வந்துவிடும். எனது வண்டியில் இப்படித்தான் வலக்கதவின் எழுத்துகளை எடுத்தேன். தூரிகை திரும்பும் இடங்களில் 'ழ'வின் வால் எங்கே தடித்து எங்கே மெலிந்தது என்பதுகூடக் கடதாசியில் விழுந்தது, எழுதியவர் தூரிகையை எங்கே தூக்கினார் என்று காணமுடிந்தது. கணினியில் எடுத்த எழுத்துரு ஸ்டிக்கரில் அது வராது. பெயின்ட் முடிந்த பின் கையால் எழுதுகிற ஓர் ஓவியரைத் தேடிப் பிடியுங்கள், இன்னும் இருக்கிறார்கள்.

நிறம் பற்றிய என் எண்ணம் இந்த இழை ஓடும் காலத்தில் மாறியிருக்கிறது. யாரும் விரும்பிய நிறத்தை அடிக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது, வேலைக்கு ஓடிய பிக்கப்புக்கு, மெட்டாலிக் துகள் கலக்காத பழைய தட்டை நிறமே நல்லது என்று தோன்றுகிறது. மெட்டாலிக் அடித்தால் மேலே கிளியர் பூச்சும் வேண்டும், எங்கே கீறு விழுந்தாலும் முழுத் தகட்டையும் மீண்டும் அடிக்கவேண்டும். தட்டை வெள்ளை என்றால் கீறலைத் தேய்த்துப் பொலிஷ் செய்யலாம். கறுப்போ கடும் நீலமோ தகட்டின் ஒவ்வொரு நெளிவையும் காட்டும்.

2024 நவம்பர் 17

பின்னேர இடிமழை ஓயவில்லை. காத்திருங்கள். பின்பெட்டிக்குப் பலகை போடுகிறவர்கள், ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணிகளைக் குவித்துவைக்கக் கூடாது, அவை தாமாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

2025 ஜனவரி 12

எனாமலை வீட்டிலேயே அடிப்பது என்று முடிவெடுத்திருக்கிறீர்கள், நல்லது. காலை ஆறு மணிக்கே தொடங்கலாமா, காற்று அமைதியாக இருக்குமே என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

காற்று 28 பாகை, சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பதன்) 85 சதவீதம் என்றால் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 25 பாகை. இரவு முழுவதும் குளிர்ந்த தகடு காலையில் காற்றைவிடக் குளிராகவே இருக்கும், அதாவது தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும் எல்லையில் நிற்கும். தகட்டின் வெப்பநிலை பனிபடுநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்கவேண்டும் என்பது பெயின்ட் வேலையில் பொதுவான விதி. காற்று 31 பாகைக்கு ஏறி ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு இறங்கும்போது பனிபடுநிலை 24 பாகைக்குக் கிட்ட வரும், இடைவெளி 7 பாகை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் முற்பகல் பத்து மணிக்குப் பிறகு அந்த இடைவெளி கிடைக்கும். வெய்யில் நேரே விழும் தகட்டிலும் அடிக்காதீர்கள், மேற்பரப்பு முந்திக் காய்ந்து அடியில் தின்னர் சிறைப்பட்டுக் கொப்பளிக்கும். பின்னேரம் மூன்று மணிக்குள் நிறுத்திக்கொண்டால் இரவு ஈரம் வருமுன் பூச்சு ஓரளவு இறுகிவிடும்.

அடிப்பதற்குச் சற்று முன், எண்ணெய் நீக்கித் திரவத்தில் நனைத்த ஒரு துணியால் துடைத்து, அது உலருமுன்னே சுத்தமான இரண்டாவது துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியென்றால் எண்ணெயை இடம் மாற்றுவதோடு நின்றுவிடும். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த கையோடு யாரும் தகட்டைத் தடவிப் பார்க்க விடாதீர்கள். சிலிக்கோன் கலந்த ரயர் பொலிஷைக் கொட்டகைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், பெயின்ட் மீன்கண் போலப் பிரிந்து நிற்கும்.

2025 பெப்ரவரி 9

"2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை இப்போது திறந்துவிட்டார்கள், இனி யாருக்கு இந்தப் பழைய வண்டி?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விலை காரணமாக மட்டும் பழைய வண்டியை வைத்திருந்தவர்கள் விற்கலாம். செஸி தனி, உடல் தனி என்பதால் கெபினைத் தூக்கி வைத்து வேலை செய்யக்கூடிய, ஒரு ஸ்பானர் பெட்டியோடு எல்லாவற்றையும் எட்டக்கூடிய வண்டி இது. அதை நல்ல தகட்டோடு வைத்திருப்பதற்கு இறக்குமதிக் கொள்கையோடு எந்தத் தொடர்பும் எனக்குத் தெரியவில்லை.

2025 மார்ச் 2

படங்கள் பார்த்தேன். வலக்கதவில் எழுத்து அழகாக வந்திருக்கிறது. கூரை ஓரத்தில் பெயின்ட் வழிந்து தெரியும் சிறு ஒழுக்கை இப்போது தொடாதீர்கள். எனாமல் நன்றாக இறுகப் பல கிழமைகள் செல்லும், அதன் பிறகு 1500, 2000 பேப்பர்களால் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பொலிஷ் செய்யலாம். அதுவரை மெழுகும் வேண்டாம், வெறும் தண்ணீரால் கழுவுங்கள்.

கதவுகளின் அடியிலுள்ள வடிதுளைகளில் பெயின்ட் அடைத்திருந்தால் ஈர்க்கால் குத்தித் திறந்துவிடுங்கள். கெபின் மூலைகளுக்குள்ளும் வாசற்படிப் பெட்டிக்குள்ளும் நீளக் குழாய் வைத்துக் குழிமெழுகு (உட்புறத்தில் கறளைத் தடுக்கும் மெழுகு) அடியுங்கள், வெளியே எவ்வளவு செய்தாலும் உள்ளே அது ஒன்றுதான் காவல்.

பாதுகாப்புக்காகப் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடலாமா என்ற கேள்விக்கு: போடாதீர்கள். அடியில் ஈரம் சிறைப்பட்டுப் புதிய பூச்சு மங்கும், தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டு தேய்க்கவும் செய்யும். கூரையின் கீழ் காற்றாட நிறுத்துங்கள், கடற்காற்று பலமாக வீசிய நாட்களின் பின் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தையும் சில்லு வளைவுகளையும் கழுவிவிடுங்கள், கிழமைக்கு ஒரு தடவையாவது எஞ்சின் நன்றாகச் சூடேறும் தூரத்துக்கு ஓட்டுங்கள்.